பப்பாளியைக் காத்த வைரஸ் மரபணு

பப்பாளிப் பழத்தின் தோலில் கரும்பச்சை வளையங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவை வளையப்புள்ளி வைரஸின் அடையாளமாக இருக்கலாம். அசுவினிப் பூச்சி ஒரு மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது வைரஸையும் கொண்டு செல்கிறது. மருந்து தெளித்தாலும், பூச்சி சாவதற்கு முன்பே வைரஸ் மரத்தில் இறங்கிவிடும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த வழியில்லை, வெட்டிவிட வேண்டியதுதான்.

1992இல் ஹவாயின் முக்கியப் பப்பாளி வட்டாரமான பூனாவில் இந்த நோய் நுழைந்தது. ஹவாயில் பிறந்த டென்னிஸ் கொன்சால்வெஸ், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கார்னெல் பல்கலைக்கழகத்தில் தீர்வு தேடத் தொடங்கியிருந்தார். அவருடைய குழு, வைரஸின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் பப்பாளியின் உயிரணுக்களில் சேர்த்தது. இதனால் மரத்துக்கு நோய் வராது. மாறாக, அந்த மரபணுவை ஒத்த ஆர்என்ஏ எது வந்தாலும் அதைத் துண்டாக்க உயிரணு தயாராகிவிடுகிறது. பிறகு உண்மையான வைரஸ் நுழைந்தாலும் பெருக முடிவதில்லை. 1998இல் ‘ரெயின்போ’ ரக விதைகள் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன.

ஆனால், மரபணு பொருந்தினால்தான் பாதுகாப்பு. வேறு நாட்டு வைரஸ் சற்று மாறுபட்டிருந்தால் இந்த மரமும் நோயில் விழலாம். அந்தந்த நாட்டு வைரஸுக்கு ஏற்ற பப்பாளியை அங்கேயே உருவாக்க வேண்டியிருப்பது இதனால்தான்.