ரவுட்டருக்கு எந்த ஃபர்ம்வேர்?

வீட்டு ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருள்தான் ஃபர்ம்வேர். லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் லினக்ஸ் மூலநிரலை 2003-இல் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மாற்று ஃபர்ம்வேர் பிறந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டருக்கும் இதன்மூலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கலாம். விளம்பரத் தடுப்பு, விபிஎன் போன்ற வசதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா ரவுட்டரும் இதற்கு ஒத்துவராது. குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருப்பது நல்லது. பிராட்காம் வைஃபை சிப் என்றால் தவிர்ப்பதே மேல். அதற்குத் தரமான திறந்தநிலை டிரைவர் கிடைப்பது அரிது. ஒரே மாடலிலும் வன்பொருள் பதிப்பு மாறும் என்பதால் ரவுட்டரின் அடிப்பக்க ஒட்டுச்சீட்டைப் பார்க்க வேண்டும். தவறான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் முடங்கிவிடலாம், உத்தரவாதமும் போகலாம். தயாரிப்பாளரின் திருத்தங்கள் தவறாமல் வரும்வரை அதிகாரபூர்வ ஃபர்ம்வேரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.