இளம் விஞ்ஞானியின் வழிச்செலவு

விஞ்ஞான ஆராய்ச்சிக்கு வேண்டுவன யாவை என வினவினால், ஆய்வுகூடம், கருவிகள், நூல்நிலையம், நல்லாசிரியர் என்று பலரும் விடை கூறுவர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க பிறிதொன்றும் உண்டு. அதுவே வழிச்செலவு. ஆராய்ச்சித் துறையில் அண்மையிற் புகுந்த ஒருவர், தம் துறை அறிஞர் கூடும் மகாநாட்டிற்குச் சென்று வருதற்பொருட்டு வழங்கப்படும் சிறு தொகை பயண மானியம் எனப்படும். ஆய்வுகூடம் ஒன்றை நிறுவுவதற்காகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. எனினும், ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை எத்திசையிற் செல்லும் என்பதைச் சில வேளைகளில் இச்சிறு தொகையே நிர்ணயித்துவிடுகின்றது.

அறிஞர் தம் முடிபுகளைச் சஞ்சிகைகளில் வெளியிடுகின்றனரே, அவற்றை இருந்த இடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாகாதோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. சஞ்சிகையில் வெளிவருவது முடிந்த முடிபு மாத்திரமே. முயன்று தோற்ற வழிகளும், விடை காணாத ஐயங்களும், இனி எதனை ஆராய்தல் தகும் என்ற எண்ணங்களும் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. அவை உரை முடிந்தபின், தேநீர் அருந்தும் வேளையில், இருவர் மூவராய் நின்று பேசப்படுவன. அங்கே ஓர் இளைஞரை நோக்கி மூத்த அறிஞர் ஒருவர் கேட்கும் ஒரு கேள்வி, அவ்விளைஞர் தவறான வழியிற் பல மாதங்களைக் கழிக்காமற் காத்துவிடலாம். அன்றியும், பெயர் அறியப்படாத ஒருவரை முகமறிந்த ஒருவராக ஆக்குவதும் அக்கூட்டமே.

இதற்கு வரலாற்றிற் சான்றுகள் உள. 1860 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி முதல் மூன்று தினங்கள், ஜேர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயன அறிஞர் ஏறத்தாழ 140 பேர் கூடினர். இரசாயனத் துறையின் முதலாவது சர்வதேச மகாநாடு இதுவே. அக்காலத்தில் அணு, மூலக்கூறு முதலிய சொற்களை ஒவ்வொருவரும் தத்தம் கருத்திற்கேற்ப வழங்கி வந்தனர். நீரின் சூத்திரத்தை எழுதுவதிற்கூட அவர்களிடையே ஒற்றுமை இருக்கவில்லை. இக்குழப்பத்தினிடையே இத்தாலிய அறிஞர் கன்னிசாரோ எழுந்து, அணுநிறைகளைத் துணிதற்குரிய தெளிவான முறையை எடுத்துரைத்தார். அவர் 1858 இல் எழுதியிருந்த கட்டுரையின் பிரதிகள் கூட்டம் கலையும் வேளையில் வந்தோர் கையில் வழங்கப்பட்டன.

அவ்வவையில் இருந்தோருள் ஒருவர் 26 வயதினரான மெண்டலீயேவ். வெளிநாட்டிற் சென்று பயிலுதற்கு ரஷ்ய அரசாங்கம் அளித்த உதவியைப் பெற்று, அயலிலுள்ள ஹைடல்பேர்க் நகரில் அப்போது தங்கியிருந்தார். தாம் கேட்டவற்றை உடனே தம் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1869 இல், மூலகங்களை அணுநிறை வரிசையில் வைத்து ஆவர்த்தன அட்டவணையை அவர் வெளியிட்டார். அணுநிறைகள் குழம்பிக் கிடந்தவரை அவ்வட்டவணை தோன்றியிருத்தல் அரிது. அவ்விளைஞரை வெளிநாட்டிற்கு அனுப்பிய அதிகாரிகள் ஆவர்த்தன அட்டவணையை எதிர்பார்த்து அனுப்பினார்கள் அல்லர். நல்ல மாணாக்கர் ஒருவர் நல்லோர் கூடும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

போகும் இடம் மாத்திரமன்றிப் போகும் வழியும் பயன் தருதல் உண்டு. 1921 இல் ஒக்ஸ்போர்ட் நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மகாநாட்டிற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகச் சென்றவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். அவர் அப்போதே பேராசிரியராயினும் வயதில் 32 ஐயே எட்டியிருந்தார். திரும்பி வருங்கால் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலிற் பிரதிபலிக்கின்றது என்பது அந்நாளில் ரேலி பிரபு போன்றோர் கொண்ட கருத்து. இராமன் கைவசமிருந்த சிறு பளிங்குக் கருவியொன்றினால் பிரதிபலித்த ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று துணிந்தார். அவ்வெண்ணத்தின் தொடர்ச்சியாகக் கல்கத்தாவில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் 1928 இல் இராமன் விளைவிற்கும், 1930 இல் நோபெல் பரிசிற்கும் இட்டுச் சென்றன.

இனி, பயணம் இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதையும் நோக்குதல் தகும். பாக்கிஸ்தானிய பௌதிக அறிஞர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜிற் பயின்று, 1951 இல் லாகூருக்குத் திரும்பி ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே அவர் துறையைப் பற்றிப் பேசுதற்கு ஒருவரும் இல்லை. பம்பாய்க்கு வந்திருந்த பேரறிஞர் பௌலியைக் காணச் சென்றமைக்காக, அனுமதியின்றிப் பணியைவிட்டு நீங்கியவர் எனக் கண்டிக்கவும்பட்டார். நாட்டில் இருப்பதா, பௌதிகத்தில் இருப்பதா என்னும் நிலையில், 1954 இல் அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பின்வருவோர்க்கு இத்துன்பம் நேரலாகாது எனக் கருதி, இத்தாலியின் திரியெஸ்த் நகரில் 1964 இல் சர்வதேசக் கொள்கைப் பௌதிக நிலையத்தை உருவாக்கினார். வளரும் நாடுகளின் விஞ்ஞானிகள் தம் நாட்டுப் பதவியைத் துறவாமலே, சில ஆண்டுகளுட் பலமுறை அங்கு வந்து தங்கி ஆராய்ந்து செல்லலாம். செலவை நிலையம் ஏற்கும். சென்று திரும்ப வழியிருந்தால், நாட்டைவிட்டு நிரந்தரமாக நீங்க வேண்டியதில்லை என்பதே இத்திட்டத்தின் உட்கருத்து.

இவ்வெண்ணம் பிற இடங்களிலும் வேரூன்றியது. 2014 இல் தென்கொரியாவின் சியோல் நகரில் உலகக் கணித மகாநாடு கூடியபோது, வளரும் நாடுகளைச் சேர்ந்த கணித அறிஞர் 1,000 பேரைச் செலவு கொடுத்து அழைக்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் 'நானும்' என்பது. கொரிய மொழியில் அச்சொல் பகிர்தல் எனப் பொருள்படும். தமிழ்ச் செவிக்கோ அது 'யானும் வருகின்றேன்' என்ற குரலாகவே ஒலிக்கின்றது.

இக்காலத்தில் மானியம் வழங்கும் முறை பெரும்பாலும் ஒரே தன்மையது. விண்ணப்பிப்போர் ஆராய்ச்சி மாணாக்கராகவோ, கலாநிதிப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவராகவோ இருத்தல் வேண்டும். தம் ஆய்வின் சுருக்கம், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், செலவு மதிப்பீடு ஆகியவற்றை அனுப்புதல் வேண்டும். விமானக் கட்டணம், மகாநாட்டுப் பதிவுக் கட்டணம், தங்குமிடச் செலவு ஆகியவற்றுள் யாவுமோ சிலவோ ஏற்கப்படும். 2020 இன் கொரோனாத் தொற்றுக் காலத்தில் இணையவழி மகாநாடுகள் பெருகின. உரைகளைக் கேட்க அவை போதும். தேநீர் வேளை உரையாடலை மாத்திரம் அவை முழுமையாகத் தர இயலவில்லை.

ஆயினும், இம்முறையில் ஒரு குறை உண்டு. அறிவித்த தொகையைப் பல நிறுவனங்கள் முன்னதாகக் கொடுப்பதில்லை. சென்று திரும்பிப் பற்றுச்சீட்டுகளை அனுப்பியபின், வாரங்களோ மாதங்களோ கழித்தே பணம் வந்து சேரும். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது சிறு தாமதம். தந்தையின் மாதச் சம்பளம் விமானச் சீட்டின் விலைக்கு எட்டாத வீட்டிலோ, தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்லும். அன்றேல், மானியம் கிடைத்தும் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். விசாவுக்கான கட்டணமும் வங்கிக் கணக்கில் இருப்புக் காட்ட வேண்டிய நிபந்தனையும் அச்சுமையைக் கூட்டும்.

பரிகாரம் கடினமானதன்று. விமானச் சீட்டை நிறுவனமே வாங்கிக் கொடுத்தல், பதிவுக் கட்டணத்தை முதலிலேயே நீக்குதல், கைச்செலவிற் பாதியைப் புறப்படுமுன் வழங்குதல் என்பன சில அமைப்புகளில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. மொத்தச் செலவு இதனாற் பெரிதாகக் கூடுவதில்லை. கொடுக்கும் நாளே மாறுகின்றது. திரும்பி வந்தபின் தரப்படும் பணம், அது இல்லாமலே போகக் கூடியவருக்கு உதவுகின்றது. புறப்படுமுன் தரப்படும் பணமே, அது இன்றேல் போக இயலாதவரைக் கொண்டு சேர்க்கின்றது. மானியம் யாருக்காக ஏற்பட்டது என்பதை நினைவிற் கொள்வோர்க்கு, இவ்விரண்டனுள் எது தக்கது என்பதை எடுத்துக் கூற வேண்டியதில்லை.