கல்பாக்கம் அணு உலை குண்டு மாதிரி வெடிக்குமா?

ஆம்பூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ப்ரோ, கல்பாக்கத்துல ஏதாவது ஆச்சுன்னா ஹிரோஷிமா மாதிரி ஆயிடுமா?" ஆகாது. ஏன்னு பார்ப்போம்.

யுரேனியம்-235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினா, அது ரெண்டா பிளக்கும். வெப்பத்தோட ரெண்டு மூணு நியூட்ரான்களும் வெளியே வரும். அதுல எத்தனை போய் அடுத்த கருவைப் பிளக்குது? விஷயமே அங்கதான் இருக்கு.

ரெண்டுன்னா 1, 2, 4, 8 என இரட்டிப்பாகும். கணக்குப்படி 80 இரட்டிப்புல சுமார் ஒரு கிலோ யுரேனியம் பிளந்துடும், அதுவும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள்ள. அது குண்டு. சராசரியா ஒண்ணுன்னா, பிளவு சீரா ஓடும். அது உலை.

இயற்கை யுரேனியத்துல 235 வகை 0.7 சதவீதம்தான். குண்டுக்கு அதைப் பல மடங்கு செறிவூட்டணும். 1983-ல் ஓடத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தோட எரிபொருள் செறிவூட்டாத யுரேனியம். கனநீர் நியூட்ரான் வேகத்தைக் குறைச்சாதான் அங்கே பிளவே தொடரும்.

அதுக்காக ஆபத்தே இல்லைன்னு சொல்லல. உலையை நிறுத்தின பிறகும் பிளவுத் துண்டுகள் வெப்பத்தை விட்டுக்கிட்டே இருக்கும். குளிர்விக்கலைன்னா எரிபொருள் உருகும். 2011-ல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். இன்னொண்ணு, 1974 பொக்ரான் சோதனைக்கான புளூட்டோனியம் டிராம்பேயில் இருந்த சைரஸ் ஆராய்ச்சி உலையில உருவானது. உலை குண்டா மாறாது, ஆனா குண்டுக்கான பொருள் உலையில இருந்து வரலாம்.

டேனரி கழிவு பாலாத்துல கலக்குதான்னு கேட்டுப் பழகின ஊர் நம்மது. இங்கேயும் அதே மாதிரி கேளுங்க: கரன்ட் போனா குளிர்விக்க என்ன ஏற்பாடு? பயன்படுத்தின எரிபொருள் எங்கே போகுது?