அயலவர் முகம்

படம் பிடித்தல் என்றதும் நெடுந்தூரப் பயணமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றது. சீகிரியாவுக்கும் நுவரெலியாவுக்கும் புறப்படும்போது கமராவை மறவாது எடுத்துச் செல்கின்றோம். நாள்தோறும் நம் வாசலில் மீன் கொண்டுவந்து விற்பவரை, வயலுக்குப் போகும் வழியில் நின்று சுகம் விசாரிப்பவரை ஒரு படமேனும் எடுத்து வைத்திருக்கின்றோமா? கைத்தொலைபேசி நிறையத் தம் முகத்தைத் தாமே எடுத்து வைத்திருப்போரிடங்கூட அயலவர் முகம் ஒன்று இராது.

பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்த ஊர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. ஒரு சைக்கிளும் ஓய்ந்த ஒரு காலைப்பொழுதும் இருந்தால் இரண்டு கரைகளையும் பார்த்து வரலாம். படம் பிடிப்போருக்கு இவ்வமைப்பு ஒரு பேறு. காலையிலே கரைவலை இழுப்போர் கடலை நோக்கி நிற்பர். கடலின்மேல் எழும் கதிரவனின் ஒளி அவர்கள் முகத்தில் நேரே விழும். ஆகவே, படம் எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டி, கணுக்கால் நனைய நிற்றல் வேண்டும். (அலையையும் ஒரு கண்ணாற் கவனித்துக்கொள்வது நல்லது.) மாலையிலே வாவிக்கரையில் நிலைமை எதிர்மாறானது. மேற்கே சாயும் வெயில் தோணிக்காரரின் பின்னே நிற்பதால், நீரும் வானும் பொன்னாக ஒளிர, ஆள் வெறும் நிழலுருவாகி விடுவார். அழகான படந்தான், ஆனால் அதில் இருப்பவர் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. முகம் வேண்டுமாயின் வெயில் நம் முதுகுப் புறமாக வரும்படி இடம் மாறுதல் வேண்டும். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுபோகும்; அப்போது விறாந்தை நிழலுக்கு அழைத்து வரலாம். முற்றத்து வெண்மணலிற் பட்டுத் தெறிக்கும் ஒளி அங்கே முகத்தை மென்மையாக விளக்கிக் காட்டும்.

நம்மவர் முகங்கள் படத்திற் கறுத்துப் போவதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. 1950களில் கோடாக் கம்பெனி வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கத் தந்த மாதிரி அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவருடைய நிறம் சரியாக வந்தாற் போதும் என்ற அளவில் நெடுங்காலம் வேலை நடந்தது. கறுத்த முகங்களின் நுட்பங்கள் அதில் மறைந்து போயின. இன்றைய கருவியும் பின்னால் மினுங்கும் கடலைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகம் இருக்கும் இடத்தை விரலால் தொட்டால் அது முகத்துக்கேற்ப ஒளியைத் திருத்திக்கொள்ளும். நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டும் வசதியையோ தொடாமலே விடலாம். மாமியின் உண்மை நிறத்தை மாற்ற நமக்கு யார் உரிமை தந்தார்?

உரிமை என்ற சொல் வந்துவிட்டது. அதுவே இப்பேச்சின் மையம். ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை இந்நாட்டவர் பலரைப் படம் பிடித்தார். களுத்துறையில் அவர் எடுத்த மரியான் நோர்த் என்ற ஓவியரின் படத்துக்குப் பெயர் உண்டு. உழைப்பாளர் படங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அஃது இல்லை. எடுத்தவர் வெளியூரார், எடுக்கப்பட்டவர் அப்படத்தைக் கேட்டு வரப்போவதில்லை. நம் அயலிலோ நாம் எடுக்கும் மனிதர் நாளைக்கும் சந்தையில் எதிர்ப்படுவார். உறவு பார்த்தால் மச்சானாகவோ மாமாவாகவோ இருப்பார். முன்னரே கேட்பதும், பெயரைக் குறிப்பதும், பிரதி கொடுப்பதும் இங்கே உபசாரமல்ல, கடமை. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தை அறிந்த முதியோர் "எதற்குப் படம்?" என்று கேட்டாற் பொறுமையாக விடை சொல்லுதல் வேண்டும். எடுக்க இசைந்தவர் ஊரெல்லாம் பரப்பவும் இசைந்தார் என்று கொள்ளுதல் கூடாது. கண்ணகை அம்மன் சடங்கு போன்ற இடங்களிற் கோயிலாரின் சொல்லே முடிவு.

விடுமுறையொன்றிலே மாணவர் சிலருடன் படுவான்கரைக்குச் சென்றிருந்தேன். வயலோரத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை நோக்கி ஒரு மாணவன் கமராவை உயர்த்தினான். "பொறு மகன், முகம் கழுவிக்கொண்டு வாறன்" என்றார் அவர். வேர்வையும் பதருமாக நின்ற கோலமே அவனுக்கு வேண்டியிருந்தது. அவருக்கோ கழுவிய முகமும் சீராக இழுத்துப் போர்த்த சேலையும் வேண்டியிருந்தன. முதலில் அவர் விரும்பிய கோலத்தில் எடு என்றேன். எடுத்ததைக் காட்டியபின் அவர் சிரித்துக்கொண்டே சுளகைத் தூக்கினார். அவன் நாடிய படமும் அவர் சம்மதத்துடன் கிடைத்தது. பெரும்பாலும் இப்படித்தான். முதற்படத்தில் ஆள் விறைத்து நிற்பார். பேச்சுக் கொடுத்து, அவர் தம் வேலைக்குத் திரும்பியபின் எடுக்கும் படத்தில் மனிதர் தென்படுவார்.

அந்த விறைத்த முகந்தான் பல வீடுகளில் எஞ்சியிருப்பது. 1972ஆம் ஆண்டு தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது முதன்முதலாகக் கமரா முன் அமர்ந்தவர் பலர். அதுவே கடைசியாகவும் அமைந்தவர் உண்டு. அவர் இறந்ததும் அச்சிறு படத்தைப் பெருப்பித்து மாலையிட்டார்கள். ஆயுள் முழுதும் சிரித்துப் பேசிய மனிதர் சுவரிலிருந்து அதிகாரி முன் நிற்பவர்போல் நம்மைப் பார்க்கிறார். 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரைகளுடன் படங்களும் போயின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குட் புகுந்தபோது பெட்டி, அலுமாரி, ஆல்பம் யாவும் ஒருங்கே அழிந்தன. பிள்ளையை இழந்த பெற்றோர் உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டி, பின்வரிசையில் அரை முகமாவது தெரிகிறதா என்று தேடியதைக் கண்டிருக்கிறேன். அயலவர் ஒருவர் என்றோ எடுத்த படம் அத்தகைய வீட்டுக்கு எத்தகைய செல்வம்!

மனிதர்கள் மட்டுமல்ல, அவர்களின் வாழ்க்கைக் கோலமும் மாறுகின்றது. மண்முனையில் வாவியைக் கடக்க 'பாதை' என்னும் மிதவையே உதவியது. 2014இற் பாலம் திறக்கப்பட்டது. சைக்கிளும் நெல்மூட்டையுமாக அதில் நெருங்கி நின்றவர்களை அன்று எடுத்த சாதாரணப் படம் இன்று சரித்திரம்.

கைத்தொலைபேசியிற் கிடக்கும் படம் கருவியோடு போய்விடும். தேர்ந்த சிலவற்றையேனும் அச்சிட்டு, பின்புறத்தில் மெல்லிய பென்சிலாற் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனாவை அழுத்தினால் முன்புறத்திலே தழும்பு விழும். ஒரு பிரதி படத்தில் இருப்பவருக்கு, ஒன்று உங்களுக்கு. இயலுமாயின் மூன்றாவதைக் கடலுக்கு எட்டாதவாறு, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உறவினர் வீடொன்றிற் கொடுத்து வையுங்கள்.