குப்பைக்கும் உண்டு ஒரு ஜங்ஷன்!

வீட்டு வாசலில் குப்பை வாங்கும் சிறுவண்டி நேராக ஊர்க் கோடியிலுள்ள குப்பைமேட்டுக்கே போகிறதா? சென்னையில் நெடுங்காலம் குப்பை கொட்டப்பட்ட இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். ஒவ்வொரு சிறுவண்டியும் அவ்வளவு தூரம் போய்வந்தால் நேரமும் எரிபொருளும் வீணல்லவா? ஆகவேதான் இடையில் 'குப்பை மாற்று நிலையம்' அமைக்கிறார்கள். சிறுவண்டிகள் அங்கே குப்பையை இறக்கும். பெரிய லாரி மொத்தமாக ஏற்றிச் செல்லும்.

சில நிலையங்களில் குப்பையை இயந்திரம் அழுத்திச் சுருக்குகிறது. நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான் இதற்கு அடிப்படை: எண்ணெயில் தரும் அழுத்தம் பெரிய பிஸ்டனில் பெருவிசையாகிறது.

அந்தக் குப்பையில் பழைய கைப்பேசியின் லித்தியம் பேட்டரி கிடந்தால் என்ன ஆகும்? அதன் நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரிப்பது ஒரு மெல்லிய படலமே. நசுங்கினால் படலம் கிழியும், குறுக்குச்சுற்று ஏற்படும், வெப்பம் பெருகித் தீப்பிடிக்கலாம். அப்போது பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்!

ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கும்படி 2016ஆம் ஆண்டின் விதிகள் கூறியதன் காரணம் இப்போது விளங்குகிறதா? நிலையத்தில் கலந்து நசுங்கியதை மீண்டும் பிரிப்பது கடினம். வீட்டில் பிரிப்பதோ ஒரு நொடி வேலை.

இன்றே ஒரு காலி டப்பாவை எடுங்கள். பழைய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி அதில் போட்டு வையுங்கள். குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள்!