பச்சோந்திக் குஞ்சுக்கு என்ன போடுவது?

வேலி கழிக்கிற நாட்களில் அரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் கையிலாவது ஒரு பச்சோந்திக் குஞ்சு வந்து சேர்ந்துவிடும். கிளுவை வேலியையோ உன்னிப் புதரையோ வெட்டிச் சாய்த்தால், விழுந்த கிளையில் சுண்டுவிரல் நீளத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதை ஸ்வீட் டப்பாவில் போட்டு, மூடியில் நாலு ஓட்டை குத்தி, உள்ளே ஒரு கைப்பிடி அருகம்புல்லும் வைத்து எடுத்துவருவார்கள். பூச்சி, பல்லி சமாச்சாரம் என்றால் கச்சேரிமேட்டு டீக்கடையில் என் பக்கம் கைகாட்டிவிடுவது வழக்கமாகிப் போனது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மாமா, இதுக்கு என்ன போடணும்?"

முதலில் அந்தப் புல்லை எடுத்து வெளியே போடு தம்பி என்பேன். நம்ம ஊர்ப் பச்சோந்தி புல், இலை, பழம் எதையும் சீண்டாது. அதற்கு உயிருள்ள, நகர்கிற பூச்சிதான் சாப்பாடு. செத்த ஈயை எதிரே வைத்தால் அது ஈ என்றே அதற்குத் தெரியாது.

இரண்டாவது, கையில் இருப்பது பச்சோந்திதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இனச்சேர்க்கைக் காலத்து ஆண் ஓணானுக்குத் தலையும் தொண்டையும் ரத்தச் சிவப்பாகிவிடும். அதைப் பார்த்துப் பச்சோந்தி என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. காலைப் பாருங்கள். ஓணானுக்கு விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். பச்சோந்திக்கு ஐந்து விரலும் இரண்டு கட்டாகச் சேர்ந்து இடுக்கியாகிவிட்டன: முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்காலில் அப்படியே தலைகீழ். கண் முழுக்கத் தோல் மூடி, நடுவில் மிளகு அளவுகூட இல்லாத ஒரு துளை. ஒரு கண் உங்களைப் பார்க்கும், மற்றது டீக்கடை பல்பைப் பார்க்கும். இந்தியாவில் இந்த ஒரு இனம்தான் உண்டு. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இதே இனம்தான். 1768இல் லாரென்டி என்ற வியன்னாக்காரர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சிலோன் பெயரைச் சேர்த்து கமேலியோ ஜெய்லானிகஸ் என்றார். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒரு அடியைத் தாண்டும்.

மூன்றாவது விஷயத்தைச் சொன்னால் பையன் முகம் சுருங்கிவிடும். இதை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற உயிர்களில் இதுவும் ஒன்று. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே சிறை வரை போகக்கூடிய குற்றம்.

"அப்போ என்ன சாப்பிடும்னு ஏன் மாமா சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. என்ன சாப்பிடும் என்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் டப்பாவில் பிழைக்காது என்பதும் தெரிந்துவிடும். சட்டத்துக்குப் பயந்து விடுகிறவன் ஆள் இல்லாத நேரத்தில் மறுபடி பிடிப்பான். காரணம் புரிந்தவன் அதன்பின் கை வைக்க மாட்டான் என்பது என் எண்ணம். டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ரோமாபுரியின் பிளினி, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், பச்சோந்தி எதையும் தின்னாமல் குடிக்காமல் காற்றை மட்டும் உண்டு வாழ்கிறது என்று எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பா அதை நம்பியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் அது வாயை அசைப்பது தெரியாது. சாப்பிடுகிற நேரம் கண் இமைக்கிற நேரத்தை விடக் குறைவு. இரண்டு கண்ணும் திடீரென்று ஒரே பக்கம் திரும்பி நிற்கும், வாய் லேசாகத் திறக்கும், நாக்கின் நுனி எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். அடுத்து நீங்கள் பார்ப்பது அது மெல்லுவதை. நாக்குக்குள் ஒரு கூர் எலும்பு; அதைச் சுற்றிய தசை இறுகி, நடுவிலுள்ள மீள்தசைநார் உறைகளை உண்டிவில்லின் ரப்பரைப் போல இழுத்துப்பிடிக்கும், பிறகு விட்டுவிடும். உடம்பு நீளத்தையும் தாண்டிப் போகிற நாக்கு அது. நுனியில் சுரக்கும் கோழை மனித எச்சிலை விட ஏறக்குறைய 400 மடங்கு கெட்டி என்று 2016இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வில், பல இனங்களை ஒப்பிட்டபோது, மிகச் சிறிய பச்சோந்தி இனத்தின் நாக்குதான் மிக வேகமாகப் பாய்ந்தது; புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 264 மடங்கு. சிறிய உடம்புக்கு எடைக்கு எடை சாப்பாடு அதிகம் வேண்டும். அதற்கேற்ற ஆயுதம்.

குஞ்சுக்கும் அதே கணக்கு. பெரிய பச்சோந்தி ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலும் தாங்கும். குஞ்சுக்குத் தினமும் வேண்டும், காலையும் மதியமும் வேண்டும், வயிறு நிறைகிற வரை வேண்டும். பூச்சியின் அளவுக்கு ஒரு நாட்டுக் கணக்கு: அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை விடப் பூச்சி பருமனாக இருக்கக் கூடாது. விரல் நீளக் குஞ்சுக்கு அது எவ்வளவு? வாழைப்பழத் தோலைச் சுற்றுகிற கொசு ஈ, நேற்றுப் பொரித்த பாச்சைக் குஞ்சு, இறக்கை முளைக்காத தத்துக்கிளி. பையன்கள் ஆசையாகப் பிடித்துவருகிற முழு வெட்டுக்கிளி குஞ்சைத் தின்னாமல் இருந்தால் பெரிய விஷயம். டப்பாவில் விட்டுவைத்த பாச்சை, பசி எடுத்தால் தூங்குகிற பச்சோந்தியைக் கடிக்கும்.

சரி, ஈயும் பாச்சையும் பிடித்துப் போடலாம், அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அரூரில் பூச்சிக்கா பஞ்சம்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. பச்சோந்திக் குஞ்சு தீனி இல்லாமல் சாவது குறைவு. தீனி போட்டும் சாவதுதான் அதிகம்.

முதல் காரணம் வெயில். 2010இல் அமெரிக்காவில் ஆண்டர்சன், டெபன் என்ற இருவர், பச்சோந்தியின் உடல் சூட்டை 15 டிகிரி வரை குறைத்துப் பார்த்தார்கள். நாக்கைத் திரும்ப இழுப்பது வெகுவாகத் தளர்ந்தது; பாய்வது மட்டும் பெரிதாகக் குறையவில்லை. இழுப்பது தசை, பாய்வது அந்த உண்டிவில் ரப்பர். ஆகவே குளிர்ந்த காலையிலும் அது பூச்சி பிடித்துவிடும். ஆனால் பிடித்ததைச் செரிக்க உடம்பு சூடாக வேண்டும், அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். நிழலான அறையில் டப்பாவுக்குள் இருக்கும் குஞ்சு தின்றதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு கிடக்கும். அதற்காக டப்பாவை அப்படியே வெயிலில் வைத்தீர்களோ, பத்து நிமிடத்தில் வெந்துவிடும். வேலியில் அது என்ன செய்கிறது? காலையில் உடம்பைக் கருமையாக்கி, பக்கவாட்டில் தட்டையாக விரித்து வெயிலை வாங்கும். சூடு போதும் என்றால் வெளுத்துக்கொண்டு இலைக்குள் நகரும். வெயிலும் நிழலும் ஒரு முழ தூரத்தில் இருக்க வேண்டும், எது வேண்டும் என்பதை அது தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது காரணமும் வெயில்தான், ஆனால் சூட்டுக்காக அல்ல. பாச்சையில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. வெறும் பாச்சையே தின்றால் எலும்பு வளராது. அதனால்தான் வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் பூச்சியைக் கால்சியம் கார்பனேட் தூளில் புரட்டிப் போடுகிறார்கள். (ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவலாமா என்று கேட்டார். வேண்டாம் சாமி, வாய் வெந்துபோகும்.) தூள் போட்டாலும் அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும், டி3 தோலில் உண்டாக வெயிலின் புற ஊதா பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. கண்ணாடித் தொட்டியில் வைத்து ஜன்னலோரம் வெயில் காட்டினேன் என்றால், சூடு காட்டியிருக்கிறீர்கள், வெயில் காட்டவில்லை.

மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை வைத்து டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே புற ஊதாக் கதிரில் அதிக நேரம் நின்றன. நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. மருந்துச்சீட்டு உடம்புக்குள்ளேயே இருக்கிறது. டப்பாவில் அதை நாம் பிடுங்கிவிடுகிறோம். பிறகு சில வாரங்களில் கால் எலும்பு வளையும், கிளையை இறுக்க முடியாமல் வயிறு தரையில் படும், தாடை ரப்பராகும், நாக்கு பாதி தூரம் போய்த் தொங்கும். எதிரே பூச்சி நடமாடும், பிடிக்க முடியாது. குழந்தைகளுக்கு வருகிற ரிக்கெட்ஸ் நோயின் அதே கதை.

தண்ணீர் விஷயம் இன்னும் விசித்திரம். மூடியில் ஊற்றி வைத்த தண்ணீரைப் பச்சோந்தி குடிக்காது. தேங்கிய தண்ணீர் அதற்குக் கண்ணில் படுவதே இல்லை. இலையில் உருள்கிற சொட்டு, பனித்துளி, மழை வழிகிற கிளை, இவற்றைத்தான் நாக்கால் ஒற்றி எடுக்கும். பக்கத்தில் தண்ணீர் இருக்க, தாகத்தில் கண் குழிந்து உள்ளே போகும். கழிவின் வெள்ளைப் பகுதி மஞ்சள், காவி நிறமானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பாவம் என்று சிரிஞ்சில் வாயைத் திறந்து பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நிறத்தைப் பற்றி யாரும் கேட்காமல் இருப்பதில்லை. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகுமா என்று துண்டை விரித்தே காட்டுவார்கள். ஆகாது. அது துணியைப் பார்த்து மாறுவதில்லை. சூடு, பயம், கோபம், ஜோடி ஆகியவற்றுக்கு மாறுகிறது. தோலில் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் திரும்புகிற ஒளியின் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். நம் கையில் இருக்கும்போது கறுத்து, புள்ளிபோட்டு, வாயைப் பிளந்து சீறினால் பயத்தின் உச்சி. விஷம் என்று நம்பிக் கல்லால் அடிப்பது இந்தச் சீறலைப் பார்த்துத்தான். விஷம் துளியும் கிடையாது, காற்று மட்டும்தான் வரும். துணைக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றைச் சேர்த்து வைப்பது அதைவிடக் கொடுமை. கூட்டாளி என்பதே பச்சோந்திக்குத் தெரியாது. தாய் தரையில் இறங்கிக் குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுப் போனால் போனதுதான். குஞ்சுகள் தாய் முகம் பார்த்ததே இல்லை.

பெங்களூரு, சென்னையில் வேலைபார்க்கிற பையன்கள் சிலர் இப்போது வெளிநாட்டுப் பச்சோந்தி பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்திதான், தலையில் கொம்புபோல் உயர்ந்த முகடு உள்ளது. அதை வைத்திருப்பது நம்ம ஊர் இனத்தைப் போல நேரடித் தடை இல்லை. ஆனால் 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2024 விதிகளின்படி, சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலிலுள்ள இந்த விலங்கை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத குஞ்சை வாங்காதீர்கள். விமானப் பயணிகளின் பெட்டிகளில் சாக்ஸுக்குள் சுருட்டி வருகிற பல்லிகளைச் சென்னை சுங்கத்துறை பிடித்த செய்தி அடிக்கடி வருகிறதே, அந்த வழியாக வந்ததாக இருக்கலாம்.

வாங்கியே தீருவேன் என்றால் செலவைச் சொல்கிறேன். காற்றோடும் கம்பிவலைக் கூண்டு, உயரமாக. கிளைகள், உயிருள்ள செடி. சூட்டுக்கு ஒரு விளக்கு, புற ஊதாவுக்குத் தனியாக ஒரு விளக்கு. இரண்டாவது விளக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் வீணாகிவிடும். வெளிச்சம் அப்படியே எரியும், கதிர் மட்டும் வற்றியிருக்கும், அதனால் ஏமாந்துவிடுவீர்கள். தினமும் இலையில் சொட்டும்படி தண்ணீர். பூச்சியை வளர்க்க ஒரு தனிப் பண்ணை, அந்தப் பூச்சிக்குத் தின்னக் கீரையும் காரட்டும். அமெரிக்காவில் மின்மினி தின்று செத்த வளர்ப்புப் பல்லிகள் உண்டு. அதனால் கண்டதையும் பிடித்துப் போட முடியாது. பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலே முட்டை கட்டும். தோண்டி இட ஈரமணல் தொட்டி இல்லாவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே செத்துப்போகும். ஊர் ஆஸ்பத்திரி மாடு, ஆடு, கோழிக்கு. ஊர்வன பார்க்கிற மருத்துவருக்கு நகரத்துக்கு ஓட வேண்டும். இத்தனையும் செய்தால் சில வருடம் பிழைக்கும்.

இதில் விளக்கு செய்கிற வேலையைத் தீர்த்தமலைப் பக்கத்து வேலியில் வெயில் சும்மா செய்துகொண்டிருக்கிறது. ஆகவே டப்பாவிலிருக்கும் குஞ்சுக்கு வருவோம். கையால் பிடுங்காதீர்கள், விரல்கள் கிளையை இறுக்கியிருக்கும்போது இழுத்தால் நகம் போகும். ஒரு குச்சியை எதிரே நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும். எடுத்த இடத்துக்கே கொண்டுபோங்கள். சித்தேரி மலைக் காட்டில் விட்டால் சுகமாக இருக்கும் என்று பஸ் ஏற்றவேண்டியதில்லை, அதன் வேலி எதுவோ அதுவே போதும். வேலியை முழுக்க வெட்டியாகிவிட்டதா? அதே வரப்பில் மீதமிருக்கும் அடுத்த புதர். காலை வெயில் ஏறுவதற்குள், தரைக்கு மேல் இடுப்பு உயரத்தில், இலை அடர்ந்த கிளையோடு குச்சியைச் சேர்த்துப் பிடித்தால் மாறிக்கொள்ளும். காகமும் மைனாவும் பக்கத்தில் இருந்தால் அது உள்ளே போகிற வரை நில்லுங்கள். காயம் இருந்தால், நடக்கவில்லை என்றால், வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அன்றோ முந்தின நாளோ பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் மட்டும் அந்த வேலி வேண்டாம். மருந்துக் காற்று படாத பக்கத்து வேலியைத் தேடுங்கள், விஷம் குடித்த பூச்சியைத்தான் அது முதலில் பிடிக்கும், ஏனென்றால் மெதுவாக நகர்வது அதுதான்.