மணத்தோழி

தகுதி இருந்தும் பேறு வாய்க்கப்பெறாத ஒருவரை, 'என்றும் மணத்தோழியே. ஒருநாளும் மணமகள் அல்லள்' என்று கூறும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. மேலைநாட்டுத் திருமணத்தில் மணமகளுக்குத் துணையாக உடன்வந்து, அவள் ஆடையைத் திருத்தி நிற்கும் கன்னிப்பெண்ணே மணத்தோழி எனப்படுவாள். மூன்றுமுறை தோழியாய் நின்றவளுக்கு மணம் கூடாது என்பது அந்நாட்டாரின் பழைய நம்பிக்கை. 1917-இல் எழுந்த நகைச்சுவைப் பாட்டொன்று இத்தொடரை இங்கிலாந்தில் பரப்பிற்று. 1920-களில் அமெரிக்காவில், லிஸ்டரின் என்னும் வாய் கொப்புளிக்கும் மருந்தை விற்றோர் இதனை விளம்பரத்தில் எடுத்தாண்டனர். அப்பெண்ணுக்கு மணம் கூடாமைக்கு அவளது வாய்நாற்றமே காரணம் என்பது அவ்விளம்பரத்தின் கருத்து. வணிகர் கூற்றே எனினும், தொடரில் உறையும் குறை இதனால் வெளிப்படுகின்றது. பழி முழுவதும் பேறு பெறாதவர் மேலேயே விழுகின்றதன்றோ?

தமிழில் இதற்கு நேரானது 'இலவு காத்த கிளி' என்பார் உளர். அது பொருந்தாது. இலவங்காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறப்பதே. எந்தக் கிளிக்கும் அது கனியாவதில்லை. மணத்தோழி காண்பதோ மெய்யான விழா. அது பிறர்க்கு உரியதாகின்றது. 'கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை' என்பது சற்றே அணுகி நிற்கும். ஆயினும் பன்முறை நேர்தல் அதனால் விளங்காது.

வியன்னாவில் 1878-இல் பிறந்த லீசா மைட்னர் என்னும் பௌதிக அறிஞரை இத்தொடரால் குறிப்பிடுவர். பெர்லினில் ஓட்டோ ஹானுடன் 30 ஆண்டுகள் ஆராய்ந்த அவர், யூதக் குலத்தில் பிறந்தமையால் 1938-இல் நாஜிகளுக்கு அஞ்சிச் சுவீடன் சென்றார். யுரேனிய அணுவின் கரு பிளவுபடுவதைத் தம் உடன்பிறந்தாள் மகன் பிரிஷுடன் விளக்கியவர் அவரே. எனினும் 1944-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. மைட்னர் பெயர் பன்முறை முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை.

அவரை மணத்தோழி என்பது எண்ணிக்கைக்குப் பொருந்தும், நிகழ்ந்ததற்குப் பொருந்தாது. 'தாண்டிச் செல்லப்பட்டவர்' என்றும் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அது செயப்பாட்டுவினையாதலின், தாண்டியவர் சிலர் உளர் என்பது சொல்லாமலே பெறப்படும். மைட்னருக்கு உரிய சொல் அதுவே.

1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னீரியம் என்னும் பெயர் உறுதி செய்யப்பெற்றது. 105-ஆம் தனிமத்துக்கு ஹானின் பெயரை இடுமாறு அமெரிக்க அறிஞர் கோரியிருந்தனர். அவ்வாண்டு அதற்கு டப்னியம் என்னும் பெயரே வழங்கப்பெற்றது.